மூன்றாம் ஷிப்டுக்குச் சோறு

ராத்திரி ஒரு மணி. எம்.ரெட்டியபட்டி தாண்டி, திருச்சுழி போகிற ரோடு. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்... ஒரு விளக்கு கிடையாது. முன்னால் உக்கிரபாண்டி விறுவிறுவென்று நடக்கிறான். பின்னாலேயே அவன் அம்மா ஒச்சம்மாள் தலைவிரிகோலமாக ஓடுகிறாள். இங்கே உட்கார்ந்து கதை கேட்கிற நம்ம மருதுபாண்டியின் பெரியம்மாதான்.

ஏலே ஆனந்தகுமாரு, இப்பச் சிரி. அப்புறம் ஒன்னுக்குப் போகத் தொணைக்குக் கூப்பிடாத.

உக்கிரபாண்டி போகிற இடம் காசிராஜன் முதலாளியின் இன்ஜினியரிங் கம்பெனி. எண்பத்திரண்டில் ஒரு தகரக் கொட்டகையில் பம்புசெட்டு வார்க்க ஆரம்பித்தவர், ஆறே வருஷத்தில் மூணு ஷிப்டு ஓட்டினார். அந்தக் கம்பெனிச் சங்கு ஊதினால்தான் சுற்றுப்பட்டியில் அடுப்பே எரியும். அந்த நல்ல காலத்தில்தான் உருக்கிய இரும்பு கொட்டி ஒச்சம்மாளின் புருஷன் செத்தார். முதலாளி பிணத்தின் முன்னால் நின்று வாக்குக் கொடுத்தார்.

“அழுகாத ஒச்சம்மா. பயலுக்கு வயசு வரட்டும். அவுக அப்பா எடம் அவனுக்குத்தான்.”

வயசு வருவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. ஆர்டர் நின்றது. கரண்டைப் பிடுங்கினார்கள். மிஷின், கூரைத் தகடு, சங்கு... எல்லாம் ஏலத்தில் போனது. ஒச்சம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. பூட்டிய கேட்டில் மஞ்சள் துணி கட்டி, “எப்பத் தொறந்தாலும் எம்மகனக் கூப்பிட்ருய்யா” என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

உக்கிரபாண்டிக்குப் பதினெட்டு முடிந்த அன்று ராத்திரி... ஊஊஊ. சங்கு. ஊரில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவன் எழுந்து நடந்துவிட்டான்.

பின்னாலேயே ஓடிய ஒச்சம்மாள் கேட்டருகே அவன் கையை எட்டிப் பிடித்தாள். சுட்டது. விட்டுவிட்டாள். அடுத்த நிமிஷம் அவன் உள்ளே... பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. கூரையில்லாத கொட்டகைக்குள் டங்... டங்... கருகின மண் வாசனை. விடியும்வரை கேட்டில் முட்டிக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் வந்தான். தலையெல்லாம் அச்சு வார்க்கிற கருப்பு மண்.

“அப்பா கூடத்தாம்மா நின்னேன். அங்க சோறு போடுறாக... நாந்தான் வேணாம்னுட்டேன்.”

அந்தச் சோற்றைத் தின்றால் மகன் தனக்கில்லை என்று அவளுக்குப் பட்டது. அறையில் பூட்டிப் பார்த்தாள். காரியாபட்டியில் தம்பி வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தாள். சங்கு அங்கேயும் ஊதியது. கடைசியில்... தினமும் ராத்திரி தூக்குச்சட்டியில் அவளே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

“இதத்தான்யா திங்கணும். அவுக குடுத்தா வாங்காத.”

காலையில் சட்டி காலியாகத் திரும்பி வருகிறவரை அவளுக்கு உயிர் இருக்காது.

போன வெள்ளிக்கிழமை சட்டி கனமாக வந்தது. திறந்தாள். வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

“என்னய்யா... பசிக்கலையா?”

அவன் சிரித்தான். பல்லிடுக்கெல்லாம் கருப்பு மண்.