பத்தொன்பதாம் தேதிக்கான ஐம்பது பாத்

என் மகளுக்கு நான் சொன்ன விலை பத்து லட்சம் பாத்தும் பத்து பாத் எடைத் தங்கமும். பெண் எடுப்பவன் பெண்ணைப் பெற்றவனுக்குக் கொடுப்பதுதானே. நீங்களும் கொடுத்துத்தான் கட்டியிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர்.

மஹாச்சாய் சந்தையில் நாற்பது வருடமாகக் கருவாடும் காய்ந்த இறாலும் விற்கிறேன். முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், தவ்கே ஹெங் கடை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். முதலில் சொன்ன விலைக்கு ஒருவனும் வாங்கியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பத்து என்றேன்.

பையன் பெயர் வொராவித். பிரான்புரியில் பள்ளிக்கூட ஆசிரியர். இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்கே வந்து கூடைகளுக்கு நடுவே நின்றான்.

"ரெண்டு லட்சம் முடியும், தவ்கே. தங்கம் ரெண்டு பாத்."

"தம்பி, உன் காலடியில கிடக்கிற கணவாயே அதவிடக் கூடப் போகும். மிதிச்சுடாத."

உள்ளே என் மகள் லிஞ்சி சிரித்தாள். "பா, என்னையும் தராசுல போடப் போறியா? இந்த வருஷம் மூணு கிலோ ஏறியிருக்கேன். பாத்துப் பேசு."

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா போய்விட்டாள். அதன்பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அந்த மின்சாரக் காரை வாங்கிக் கொடுத்தேன். பதிவு என் பெயரில், செயலி என் போனில். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு நீலப் புள்ளி காட்டும். கடையில் கூட்டம் இல்லாதபோது அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாங்கும்போது எது இலவசம், எது காசு என்று விற்பனையாளனை விடாமல் குடைந்தேன். வேகத்தைத் தானே பிடித்துக்கொள்வது காரோடு வருவது. சாலைக் கோட்டுக்குள் தானே ஸ்டீயரிங் திருப்பிக்கொள்வதற்கும், கை எடுத்தால் கத்தி எச்சரிப்பதற்கும் சேர்த்து மாதம் ஆயிரத்து ஐந்நூறு. நெம்புகோலை இழுத்தால் இரண்டுக்கும் ஒரே மணிதான் அடிக்கும். அதையும் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சந்தா என் கார்டில் ஓடியது.

இரவு டியூட்டி முடித்துவிட்டு அப்படியே பிரான்புரிக்குக் கிளம்புவாள். "கண்ணு அசந்துட்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்கத் தொடலேன்னா கத்தி எழுப்பிடுது, பா. அம்மாகூட என்னை அவ்ளோ பொறுமையா எழுப்பினதில்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். சொன்னதை மறக்கவில்லை.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில், இரவு டியூட்டி முடிந்து வந்தவள், நின்றபடியே கஞ்சி குடித்தாள்.

"பா, சேந்துடுச்சு. ஆசிரியர் சங்கத்துல கடன், அவங்க அப்பா அன்னாசித் தோட்டத்துல பாதிய வித்தது. பத்தும் முழுசா இருக்கு, தங்கமும் இருக்கு. நான் போய்க் கூட்டிட்டு வரேன். சாயங்காலம் நீயே எண்ணிப் பாத்துக்கோ."

"தூங்கிட்டுப் போயேன்."

"அதான் கார் இருக்கே."

நாற்பது வருடத்தில் கேட்ட விலையை அப்படியே கொடுக்க வந்தவன் அவன் ஒருவன்தான். அதற்குமேல் விற்பவன் வாயில் என்ன பேச்சு இருக்கிறது.

ஒன்பது பத்துக்குப் புள்ளி பெட்சபுரியில் நின்றது. அவனுக்கு அங்கே மோகேங் பலகாரம் வாங்குவாள், எப்போதும் அந்தக் கடையில்தான். நான் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு இறால் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற காரில் கை வைக்கக் கூடாது என்ற நிதானம் எனக்கு இருந்தது, அதை எழுதிக்கொள்ளுங்கள். நின்ற பிறகுதான் சந்தாவை ரத்து செய்தேன். இரவு பன்னிரண்டுக்கு நிறுத்தவா, இப்போதே நிறுத்தவா என்று செயலி கேட்டது. இப்போதே என்றேன். காரை ஓட்டுபவருக்குத் தெரிவிக்கவா என்று கேட்டு, ஆம் என்று தானே குறியும் போட்டிருந்தது. அந்தக் குறியை எடுத்துவிட்டேன்.

தெரிந்தால் போன் செய்வாள். "பா" என்று ஒரு தடவை இழுத்தால் போதும், நான் இறங்கிவிடுவேன். அதனால்தான். கை வலிக்கும், ஓரம் கட்டுவாள், தூங்குவாள், பணம் கைமாற வேண்டிய சாயங்காலத்து நல்ல நேரம் தப்பும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாள்.

தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வேகம் முன்போலவே நிற்கும் என்று தெரியும். நெம்புகோலை இழுத்தால் மணி முன்போலவே அடிக்கும், அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று தெரியும். அவள் கண்ணை மூடுவாள் என்று தெரியும், எழுப்ப இனி ஒன்றும் இல்லை என்றும் தெரியும். எல்லாம் என்னிடம் தனித்தனி மூட்டையில் இருந்தன. அன்று காலை ஒன்றாகக் கொட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பது நாற்பத்திரண்டுக்குப் புள்ளி சாலையிலிருந்து கொஞ்சம் விலகி, வாய்க்கால் பக்கம் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டு ஓரம் கட்டித் தூங்குகிறாள் என்று நினைத்தேன். இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்த பாங்காக் அம்மாளுக்கு மேற்கொண்டு ஒரு பிடி அள்ளிப் போட்டேன். எழுப்பிவிடக் கூடாதே என்று போன்கூடச் செய்யவில்லை. பதினொன்றரைக்கு உங்கள் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்வரை அவளைத் தூங்கவிட்டேன்.

கோவிலில் அவள் சவப்பெட்டிக்கு முன்னால் அந்தப் பையன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தான்.

"நீங்க கேட்டது, தவ்கே. நான் குறைக்கல."

நான் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவன் கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாம். ஒரு வருடம் இழுத்திருந்தால், காலியான வீடு எனக்குப் பழகியிருக்கும்.

உங்கள் கோப்பில் ஸ்டீயரிங் உதவி அன்று இரவு பன்னிரண்டு வரை இருந்தது என்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த காகிதம் அது, அவர்களுக்கு நாள் கணக்குதான். அதை வைத்து, எழுப்பியும் எழாத அஜாக்கிரதைக்காரி என்று என் மகளை எழுதிவிட்டீர்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு குரல் கொடுத்தால் எழுந்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே. அந்தக் குரலை நிறுத்தியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இதைத் திருத்திக்கொள்ளத்தான் வந்தேன்.

இன்னொன்று. மீதி நாட்களுக்கான பணம் இருபத்தொன்றாம் தேதி என் கார்டுக்குத் திரும்பி வந்தது. பதினோரு நாளுக்குத்தான் வந்தது. பத்தொன்பதாம் தேதியை ஓடிய நாளாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓடவில்லை என்று மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கேட்பார்கள். கட்டியது ஆயிரத்து ஐந்நூறு. பதினெட்டு நாள் ஓடியதற்குத் தொள்ளாயிரம். திரும்பி வந்தது ஐந்நூற்றைம்பது. நிற்பது ஐம்பது பாத், தர வேண்டியது அவர்கள்.