பட்டவன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

மருமகள்: கேளுங்க மாமா, திரும்பப் படிக்கிறேன். "மதிப்பிற்குரியவருக்கு. தாங்கள் எங்கள் கடையின் வாடிக்கையாளரே அல்ல என்பது எங்கள் பதிவேடுகளிலிருந்து தெரிய வருகிறது..."

மாமா: அடேயப்பா! ஆளைக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ற மாதிரி இருக்கே.

மருமகள்: கிண்டல் பண்ணாதீங்க. மூணு மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடுவாங்க. அவங்க வாசல்ல கண்ணாடிக் கவுண்டர் நமக்கா, வேற யாருக்காவதான்னு இன்னைக்கு முடிவு. முதல்ல நெட்ல நம்ம பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பாங்க. பார்த்தா மேலேயே இது நிக்குது. ஒரே ஒரு நட்சத்திரம்.

மாமா: இருநூத்திப் பதினாலு பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்கன்னு நீதானே சொன்னே? வானத்துலயே அவ்வளவு இல்லம்மா. ஒண்ணு மங்கலா இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?

மருமகள்: அந்த இருநூத்திப் பதினாலு பேரும் "நன்று", "சிறப்பு"ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிட்டாங்க. இவன் கதை மாதிரி எழுதியிருக்கான். ஜனங்க எதைப் படிப்பாங்க?

மாமா: அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், எல்லாருக்கும் பதிலை நான் எழுதறேன்னு...

மருமகள்: எழுதினீங்களே ஒண்ணு! "எங்கள் ஃபிரேமை யானை மிதித்தால் யானைக்குத்தான் கால் சுளுக்கும்." அதை நம்பி ஒருத்தர் கண்ணாடி மேல உட்கார்ந்துட்டு, ரெண்டு துண்டா கொண்டு வந்து நின்னார்.

மாமா: அவர் யானையை விடக் கனம். நான் அந்தக் கணக்குல எழுதல.

மருமகள்: மாமா... சிரிக்கிற நேரமா இது?

மாமா: இல்லதான். சரி, படி. உன் பதிலை இல்ல. அவன் எழுதினதை.

மருமகள்: எத்தனை தடவைதான்...

மாமா: படியேன்.

மருமகள்: "தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு இந்தக் கடையில் கண்ணாடி செய்து கொடுத்தார்கள். டாக்டர் சீட்டில் லென்ஸின் கோணம் நூற்று எழுபது. கண்ணாடியில் எழுபது. படி சாய்ந்து தெரிகிறது என்று அவர் இரண்டு முறை வந்து சொன்னார். இரண்டு முறையும், போடப் போடப் பழகிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். பழகவில்லை. ஐந்தாம் நாள் மாடிப்படியில் விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது." அவ்வளவுதான். கீழே பேரு, பட்டவன்.

மாமா: ம்...

மருமகள்: என்ன ம்?

மாமா: அதுல ஏதாவது பொய் இருக்கா?

மருமகள்: அதுவா இப்ப கேள்வி? இதை எடுக்கச் சொல்லி அந்த நெட் கம்பெனிக்கு மூணு தடவை எழுதிட்டேன். "விதிமீறல் எதுவும் இல்லை"ன்னு மூணு தடவையும் ஒரே பதில். இருபது நாளா நான் கண்ணு முழிக்கிறதே அந்த மூஞ்சியில்லாத ஆள் மூஞ்சியிலதான்.

மாமா: தெரியும். பல்லு விளக்கறதுக்கு முன்னாடி ஃபோனைப் பார்க்கிறே. உன் புருஷன் புலம்பறான்.

மருமகள்: நாமதான் கண்ணாடியை மாத்திக் கொடுத்தாச்சே. அந்த அம்மாவே ஒண்ணும் கேட்கல. "என் நேரம்"னு சொல்லிட்டுப் போனாங்க.

மாமா: அவங்களுக்கு இன்னும் தெரியாதும்மா. "புது மாடல் வந்திருக்கு, சும்மா போட்டுப் பாருங்க"ன்னு சொல்லி உன் புருஷன் மாத்திவிட்டான். தப்பு கண்ணாடியிலன்னு யார் சொன்னது அவங்களுக்கு? தன் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கையும் போச்சு, கண்ணும் போச்சுன்னு.

மருமகள்: அவர் கடையைக் காப்பாத்தத்தானே...

மாமா: சரி விடு. யார் எழுதினதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்னியே. அதைச் சொல்லு.

மருமகள்: அந்த அம்மா இல்ல. அவங்ககிட்ட பட்டன் ஃபோன்தான். அதுவும் இல்லாம, அவங்க எழுதினா "பட்டவன்"னா வரும்? ஆம்பளை. கோணத்தோட எண் வரைக்கும் தெரிஞ்ச ஆம்பளை. அது தெரிஞ்சவங்க மொத்தமே நாலு பேர். நீங்க, நான், அவர்... அப்புறம் உள்ளே லென்ஸ் தேய்க்கிறவர்.

மாமா: அவனா? இருபத்திரெண்டு வருஷத்துல அவன் பேசினதை எல்லாம் சேர்த்தா ஒரு தபால் கார்டு நிறையாது.

மருமகள்: பேசாதவங்கதான் எழுதுவாங்க.

லென்ஸ்காரர்: மேடம்... கூப்பிட்டீங்கன்னு சொன்னாங்க.

மருமகள்: ஒரு பத்து நிமிஷம் இருங்க. கூப்பிடறேன்.

லென்ஸ்காரர்: சரிங்க. ஐயா, இந்த ஜோடி முடிஞ்சது. ஸ்கூல் பிள்ளையோடது. ஒரு தடவை சீட்டோட ஒத்துப் பார்த்துக் கொடுத்துடறீங்களா?

மாமா: நான்தான் இப்பல்லாம் பார்க்கிறதில்லையேப்பா.

லென்ஸ்காரர்: ஆமாங்க... வாய்ல வந்துடுச்சு. சின்ன முதலாளிகிட்ட காட்டிக்கிறேன்.

மாமா: போயிட்டானா? கதவைச் சாத்து. எதுக்கு அவனைக் கூப்பிட்டே?

மருமகள்: நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்ல. உங்க பையன் முடிவு பண்ணிட்டார். நானும்... சரின்னுட்டேன். பதில்ல கடைசியா ஒரு வரி சேர்த்திருக்கேன். "இது எங்களால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவரின் அவதூறு."

மாமா: இன்னும் நீக்கவே இல்லையே?

மருமகள்: மூணு மணிக்குள்ள நீக்கிடுவோம்.

மாமா: அடி ஆத்தாடி. முதல்ல பதில், அப்புறம் குத்தம்! அவனுக்கு ஐம்பத்தாறு வயசும்மா. இந்த வரியோட அவன் எந்தக் கடைக்குப் போய் நிப்பான்? அவங்களும் உன்னை மாதிரி நெட்ல பார்ப்பாங்களே.

மருமகள்: எனக்கு மட்டும் ஆசையா மாமா? கடை பேரு போனா எல்லாருக்கும் சேர்த்துத்தானே போகும்? யாரோ ஒருத்தர் மேல இதை இறக்கி வெச்சாத்தான் முடியும்.

மாமா: யாரோ ஒருத்தர்...

மருமகள்: போட்டுடறேன். அழுத்தினா முடிஞ்சது.

மாமா: அழுத்தாதே.

மருமகள்: ஏன்?

மாமா: அவன் இல்ல.

மருமகள்: எப்படிச் சொல்றீங்க?

மாமா: அவனுக்கு எந்த இடத்துல எந்த ற போடணும்னே தெரியாது. இதுல "நூற்று எழுபது" சுத்தமா இருக்கு.

மருமகள்: விளையாடாதீங்க மாமா. மணி ரெண்டே முக்கால்.

மாமா: நான்தாம்மா எழுதினேன்.

மருமகள்: ...என்னது?

மாமா: நான்தான். எதிர்ல பஸ் ஸ்டாப் பெஞ்சுல உட்கார்ந்து, ஃபோன்ல எழுத்தைப் பூசணிக்காய் சைஸுக்குப் பெருசாக்கி, ஒத்தை விரல்ல. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள ஏழு பஸ் போயிடுச்சு.

மருமகள்: நம்ம கடைக்கு... நீங்களேவா?

மாமா: முப்பத்தெட்டு வருஷம் எதையும் கூட்டிச் சொல்லியே கண்ணாடி வித்தவன் நான். இது ஒண்ணைத்தான் கூட்டாம குறைக்காம எழுதினேன்.

மருமகள்: ஏன் மாமா?

மாமா: யாராவது கேட்கணும்ல? அந்த அம்மா கேட்கல. உன் புருஷன் கேட்கல. நீயும் "விடுங்க மாமா, விடுங்க மாமா"ன்னே. ஒருத்தராவது என்னை நிக்க வெச்சு, ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு கேட்டிருந்தா... கேட்க ஆளில்லாம நானே கேட்டுக்கிட்டேன்.

மருமகள்: உங்களை எதுக்குக் கேட்கணும்?

மாமா: பழகிடும்னு சொன்னது இந்த வாய்தானே? ரெண்டு தடவை. அது போதாதா? அதுக்கு முன்னாடி சீட்டைக் கையில வெச்சு உனக்கு வாசிச்சதும் நான்தானே. நீ கம்ப்யூட்டர்ல ஏத்தினே, நான் வாசிச்சேன். சீட்டு மடிப்புல அந்த முதல் ஒண்ணு மறைஞ்சிருக்கும். எழுபதுன்னு படிச்சுட்டேன் போல. நூத்தி எழுபதுன்னு சொன்ன மாதிரியேதான் இருக்கு எனக்கு... நினைப்புக்கு என்ன, நமக்கு வேண்டியதைச் சொல்லும்.

மருமகள்: மாமா...

மாமா: அதான் அந்த அம்மா விழுந்தது தெரிஞ்ச அன்னைக்கே கடைச் சாவியை உன் புருஷன் கையில கொடுத்தேன். ரிட்டையர் ஆயிட்டேன், ராஜா மாதிரி இருக்கேன்னு தெரு முழுக்கச் சொன்னேன். என்ன ராஜா? பஸ் போர்டைக்கூட ரெண்டு தடவை படிக்கிறேன். என் கண்ணை நானே நம்பறதில்ல. கண்ணாடிக்கடைக்காரன்! என்னம்மா இது... அட, அழாதே. அந்த வரியை அழிச்சுடு, போதும். என்னைப் போட்டுக்கோ. "வயதான முதலாளி தவறாகப் படித்துவிட்டார், இப்போது அவரைக் கடையில் விடுவதில்லை"ன்னு எழுது. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் திருப்தியா இருக்கும். தையல்கார அம்மாகிட்ட நான் இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.

மருமகள்: நீங்க போகாதீங்க.

மாமா: இன்னுமா மறைக்கச் சொல்றே?

மருமகள்: இல்ல. நான் போகணும்.

மாமா: நீ எதுக்கு? தப்பா வாசிச்சது நான்.

மருமகள்: நீங்க நூத்தி எழுபதுன்னுதான் வாசிச்சீங்க மாமா. ரெண்டு தடவை. நான்தான் யாரோ போட்ட அஞ்சு நட்சத்திரத்துக்கு "தங்கள் அன்புக்கு நன்றி"ன்னு அடிச்சுக்கிட்டு இருந்தேன்.