ஐயாயிரம் சுற்று

உங்கள் மகனும் கித்தார் வாசிக்கிறான் என்று சொன்னீர்கள், கேப்டன். அப்படித்தான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எல்லாருமே வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள். பிக்கப் மாற்றப் போகிறான் என்றால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பிக்கு அடியில் இருக்கும் அந்தக் காந்தச் சுருள்தான் எல்லாம். மரமும் வர்ணமும் அதற்கு அப்புறம்தான். எங்கள் சிச்சா கும்பியா ஆட்டப் பாட்டுக்கு ஒற்றைச் சுருள்தான் சரி. இரட்டைச் சுருளில் இரைச்சல் இருக்காது, ஆனால் ஓசை கொழகொழவென்று வரும். ஒற்றைச் சுருள் இரையும். கூடவே பச்சை மீன் செவிச்சேயில் பிழிந்த எலுமிச்சை மாதிரி ஒரு கூர்மையும் வரும். அந்தக் கூர்மைக்காக இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என் பெயர் தெயோஃபிலோ யாரங்கா. கோமாஸ் பேட்டையில் ஃபோர்த்துனாத்தோவின் பாட்டுக் குழுவில் முதல் கித்தார் நான். லிமாவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பீர்ப் பெட்டி அடுக்கி ஆட்டம் போடுகிற எந்த மைதானத்தில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்றே என் வயசு போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கித்தாரின் கூர்மை குறைய ஆரம்பித்தது. கம்பியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், ஆம்பில் கூர்மையை ஏற்றுகிற ட்ரெபிளைக் கடைசிவரை திருகினேன். பக்கத்தில் நின்ற ரமிரோ மூஞ்சியைச் சுளித்தான். இரண்டாம் கித்தார்க்காரன் முதல் கித்தாரைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பது ஊரில் நடக்கிறதுதானே. பிக்கப்பில் காந்தம் செத்துவிட்டது என்று முடிவு செய்து, பாருரோ தெருவில் வெளிநாட்டு செட் ஒன்று வாங்கிப் போட்டேன். மந்தம். இன்னொரு செட் போட்டேன், அதுவும் மந்தம். அடியில் ம்ம்ம் என்று அந்த இரைச்சல் மட்டும் நன்றாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதிருக்கிறேன்; சொல்ல வெட்கமில்லை.

அந்தச் சமயத்தில் ஊரே கெட்டுக்கொண்டு வந்தது. குழல் ஊதிக்கொண்டு வருகிற சாணைக்காரன் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டான். புதிதாக வாங்கின கெட்டில் விசிலடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன், கடைக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குழுவில் மணி தட்டுகிறவன் ஒப்புக்குக் கையை ஆட்ட ஆரம்பித்தான். நான் சொல்வது எதையும் நீ காதில் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டு என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. சுருள் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

அப்படித்தான் செனாய்தாவிடம் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, முன்னால் இழுத்து மூடுகிற ஷட்டர். தையல் மெஷின் மோட்டாரை வைத்துத் தானே செய்த கருவியில் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றுவாள். சுற்றின சுருளை உருக்கின மெழுகில் ஊறப்போடுவாள். மெழுகு ஏறாத சுருள் கீச்சிடும். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. குரல்தான் சன்னம்.

"எத்தன சுத்து வேணும்ணே?"

"கூர்மையா வேணும்."

"அப்ப கம்மியாத்தான் சுத்தணும். ஏழாயிரத்து ஐந்நூறு போட்டுத் தரேன். நீ வாசிக்கறதக் கேட்டு உன் பொண்டாட்டியே ஓடி வந்துருவா பாரு."

வரவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு மந்தமாக இருந்தது. ஆறாயிரத்து ஐந்நூறும் மந்தம். சுற்று குறையக் குறையக் கூர்மை ஏறும் என்பது பாடம். ஐயாயிரத்துக்கு இறக்கச் சொன்னேன். அதை மாட்டி அவள் அறையிலேயே வாசித்தேன். எதிர்க்கடையில் கோழி வெட்டுகிறவள் கத்தியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள்.

"அண்ணே, இது கித்தாரா, பல்லுக்குத் தொள போடற மெஷினா? எனக்குக் காது கூசுது. உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"மந்தமா இருக்கு," என்றேன்.

அவள் என் முதுகுப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் கை வைத்தாள். திரும்பினால் அவள் கண் கலங்கியிருந்தது. நாலு தடவை கூப்பிட்டேன் என்று விரலைக் காட்டினாள். பிறகு அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள்: கோளாறு சுருளில் இல்லை அண்ணே, காதில். ஆஸ்பத்திரிக்குப் போ.

சுற்றத் தெரியாதவர்களுக்கு இது நல்ல சாக்கு. நான் சண்டை போடவில்லை. ஆனால் அவள் அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை ஃபோர்த்துனாத்தோ வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரே நின்று கத்தினான்.

"டேய் தெயோ, நாளான்னிக்கு நீ உக்காந்துக்க. ரமிரோ வாசிக்கட்டும்."

"குழுவோட ஆண்டு விழாடா. எதுக்கு உக்காரணும்?"

"செனாய்தா எல்லாம் சொல்லிட்டா. மொதல்ல காதப் பாரு. அப்புறம் வா, எடம் எங்கயும் போயிடாது."

போய்விடும், கேப்டன். மேடையில் ஒரு ஞாயிறு விட்டவனை அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் ஆள் இல்லை, கையில் வேறு தொழில் இல்லை. அந்தக் கித்தாரையும் பிடுங்கிவிட்டால் நான் எதற்கு எழுந்து முகம் கழுவ வேண்டும்?

சனிக்கிழமை மதியம் அவளிடம் போனேன். ஃபோர்த்துனாத்தோவிடம் போய், தான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். கெஞ்சினேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெழுகைக் கிளறினாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். அவள் தோள் அசைந்தது, பதில் மட்டும் வரவில்லை. ஒரு மனுஷன் இவ்வளவு கெஞ்சும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. மெழுகுச் சட்டியை நெருப்பின் மேல் கவிழ்த்தேன். வெளியே வந்து ஷட்டரை இறக்கி, அங்கே சாவியோடு தொங்கிய பூட்டைப் போட்டேன். கை தவறி நடந்தது என்று எழுத வேண்டாம். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் நான் ஓடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அண்ணே என்று ஒரு தடவை கூப்பிட்டாலே திறந்துவிடுவது என்றுதான் நின்றேன். ஷட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், தடதடவென்று அதிர்ந்தது. சூட்டில் தகரம் அப்படித்தான் அதிரும். கோழிக்கடைக்காரி வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் மார்க்கெட்டே வந்தது. எதற்கு இத்தனை பேர் ஓடி வருகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் அலறினது மூன்று தெருவுக்குக் கேட்டது என்று இந்தத் தாளில் எழுதிக் காட்டுகிறீர்கள். மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் இந்தக் காதை வைத்துப் பிழைத்தவன் நான், கேப்டன். அவள் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.