தோட்டா இல்லாத பயிற்சி

மேடம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவர் ஒன்றை வெறுமையாக விட்டிருக்கிறோம். அங்கே இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை நான்தான் சமையலறைக்கு மாற்றினேன். என் மனைவி மலர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காற்றுத் துப்பாக்கி பழகுகிறவர்களுக்கு வீட்டில் ஒரு வெள்ளைச் சுவர் வேண்டும். தோட்டா போடாமல், சுவரைப் பார்த்துக் கையை நீட்டி, துப்பாக்கி நுனியிலுள்ள குறிமுனை அசையாமல் விசையை இழுத்துப் பழக வேண்டும். டிரை ஃபயர் என்பார்கள். யாருக்கும் ஆபத்தில்லாத பயிற்சி.

என் மகள் சூசனுக்குப் பதினான்கு வயது. துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்த மூன்றாம் மாதமே மாநில இளையோர் அணித் தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் எவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

லைசென்ஸ் விதிப்படி துப்பாக்கி கிளப்பிலேயே பூட்டியிருக்கும். வீட்டில் பழகத் துப்பாக்கிக்குப் பதில் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பிடித்தாலே போதும் என்றார் பயிற்சியாளர் கமலநாதன். "பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம் சார். கை நடுங்க ஆரம்பிச்சா உடனே கீழ வெச்சிரணும்." நல்ல மனிதர். ஆனால் அவருக்கு முப்பது பிள்ளைகள், எனக்கு ஒருத்திதான்.

நான் வேலை செய்யும் கிடங்கில் கழித்துப் போட்ட பலகையில் ஒரு துப்பாக்கி செதுக்கினேன். பேனா ஸ்பிரிங்கை வைத்து, விசையை இழுத்தால் 'டிக்' என்று கேட்கும்படி செய்தேன். உள்ளே ஈயம் அடைத்தேன். அசல் ஒரு கிலோ இருக்கும், என்னுடையது இரண்டு கிலோ. கனத்ததில் பழகினால் தேர்வன்று அசல் லேசாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மலர் தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். விடியும் முன் போய் இருட்டிய பிறகு வருவாள். எனக்குக் காலை ஷிஃப்ட். சூசன் பள்ளி விட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் பழகுவோம். முரண்டு பிடிக்கிற பிள்ளை இல்லை அவள்.

"அப்பா, விரலெல்லாம் மரத்துப் போச்சு. நாளைக்குப் பண்ணலாமா?"

"இன்னும் இருபது தடவதான் லா. முடிச்சிட்டு மைலோ குடிப்போம்."

ஆறாவது வாரம் சுண்டுவிரல் சரியாக மடங்கவில்லை. கிளினிக்குக் கூட்டிப்போனேன். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். முழங்கையில் நரம்பு நசுங்குகிறது, இரண்டு மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது, மீறினால் கை பழையபடி வராது என்றார். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

காரில் அவள் கேட்டாள். "டாக்டர் என்னப்பா சொன்னாரு?"

"ஒன்னுமில்லம்மா. வளர்ற வயசு வலியாம். பழகப் பழகப் போயிருமாம்."

நிம்மதியாகச் சிரித்தாள். டாக்டர் கொடுத்த கடிதத்தை டேஷ்போர்டில் வைத்துப் பூட்டினேன். இன்று காலை காரைச் சோதனை போட்டு நீங்கள் எடுத்தது அதைத்தான்.

அதன் பிறகு பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை இரண்டு கொடுத்தேன். பிடி நழுவத் தொடங்கியதும், வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் அவள் விரல்களைப் பிடியோடு சேர்த்து ஒட்டினேன். அவள் சத்தமில்லாமல் அழுவாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் முகத்தைப் பார்க்காமல் குறிமுனையை மட்டும் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும்போது அவளால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மலர் உதவப் போனவள் டேப் தடத்தைப் பார்த்துவிட்டாள். "எம் பிள்ளைய என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினாள். அறுவை சிகிச்சை நடந்தது. வலது கைக்குப் பழைய பலம் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. கமலநாதன் சாருக்கோ மலருக்கோ இதில் பங்கில்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கில்பர்ட் கெட்ட தகப்பன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், மலர் சாப்பிடப் போயிருந்த நேரம், சூசன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கையைத் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி, புதுப் பிடி செதுக்க அளவெடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பதினான்கு வயதுதானே ஆகிறது, மேடம். அடுத்த வருடமும் தேர்வு இருக்கிறது.