மதுரையில் ஒரு மலையாளி

கிளிநொச்சியிலிருந்து பூநகரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“அக்கா, மதுரையில ஒரு நாள் முழுக்க நான் மலையாளியா இருந்தனான்.”

“இதென்னடி கதை?”

“ஊரைச் சுத்திக் காட்ட எங்களுக்கெண்டு தனியா ஒரு வழிகாட்டியைப் பிடிச்சனாங்கள். எங்கட தமிழைக் கேட்டுட்டு, கேரளாவெண்டு நினைச்சு, கோயில், மகால் எல்லாத்தையும் மலையாளத்தில விளங்கப்படுத்தினார்.”

“தமிழெண்டு சொல்லியிருக்கலாமே?”

“அது படிச்ச ஆக்களின்ர தமிழாக்கும், எனக்குத்தான் விளங்கேல்லையெண்டு நினைச்சுத் தலையாட்டினன். என்ர மனுசனும் ஆட்டினார். பின்னேரம் வழிகாட்டி ‘கேரளாவில எவிடே?’ எண்டு கேக்கேக்கதான் பிடிபட்டது.”

“அப்பவாவது உண்மையைச் சொன்னனியோ?”

“அவ்வளவு நேரம் தலையாட்டிப்போட்டு எப்பிடியக்கா சொல்லுறது? மலையாளத்திலயே ‘நன்னி’ எண்டு நன்றி சொல்லிப்போட்டு வந்தனான். அவருக்குச் சரியான சந்தோசம்.”