நாலாவது தடை

— கண்ணை மூடாதே ஓல்டா! மூடினா கன்னத்துல ஒண்ணு விடுவேன், சொல்லிட்டேன்.

— மூடலக்கா. வெளிச்சம் கண்ணுல குத்துது. நீ ஏன் இங்க இருக்க? நம்ம குதிரை சோய்காகிட்ட யாரு இருக்கா?

— என் வீட்டுக்காரன் அவளை நடத்திக்கிட்டு இருக்கான். என்னை டாக்டர் இங்க உட்கார வச்சுட்டுப் போயிருக்கார். “லிபுஷே, இந்த ஆளைத் தூங்க விடாதே, பேச வச்சுக்கிட்டே இரு. பந்தயத்துல என்ன நடந்துச்சுன்னு மட்டும் நீயா எடுத்துக் கொடுக்காதே. எது வரைக்கும் ஞாபகம் இருக்குன்னு நான் வந்து கேக்கணும்”னார். இருபது வருஷமா குதிரை கழுவுறவளுக்கு இன்னைக்கு நர்ஸ் உத்தியோகம். சரி, உன் பேரைச் சொல்லு.

— என்னக்கா விளையாட்டு?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— ஓல்ட்ரிச். வயசு நாப்பத்திரெண்டு. அரசுப் பண்ணை ஜாக்கி. ஊரு பார்துபிட்சே, அக்டோபர் ஞாயித்துக்கிழமை, பெரிய பந்தயம். இந்த ரூமு முதலுதவி ரூமு. கூரையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அஞ்சு தடவை இதே கட்டில்ல கிடந்தவன்கிட்டப் போய் இதைக் கேக்குறியே. அந்த மூலை ஒட்டடையைக்கூட இன்னும் எவனும் அடிக்கல.

— மூளை குழம்பல. வாய்க்கும் ஒண்ணும் ஆகல.

— ஆறு வருஷம்க்கா. ஆறு ஓட்டம். முப்பத்தோரு தடை இருக்குற பந்தயத்துல நான் நாலாவது தடையைத் தாண்டினதே கிடையாது. சோய்கா எப்படி இருக்கா? மறைக்காம சொல்லு. கால் போச்சா?

— நல்லது பேசாட்டியும் பரவாயில்ல, அபசகுனமாப் பேசாதே! நாலு காலும் நல்லா இருக்கு. நானே தடவிப் பாத்தேன், சூடு இல்ல. வெதுவெதுன்னு தண்ணி வச்சேன், மடக்கு மடக்கா அரை வாளி குடிச்சா. முன்னங்கால்ல களிமண் பூசிக் கட்டியாச்சு. இப்போ இலை தின்னுக்கிட்டு இருக்கா.

— என்ன இலை?

— ஏதோ இலை. கிடைச்சது, திங்குறா. உனக்கென்ன?

— அப்பாடா. சாமி இருக்குறார். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் இந்த ஊரு பக்கமே தலைகாட்ட மாட்டேன். அக்கா, ஏன் இப்படிக் குளிருது? என் சட்டை எங்க?

— ஆணியில தொங்குது பாரு, சொட்டச் சொட்ட. அதனாலதான் சோய்காவோட கம்பளியை உனக்குப் போத்தி விட்டிருக்கேன். அழுக்குப் பண்ணிடாதே, அவளுக்குப் பிடிக்காது.

— பள்ளத்துத் தண்ணி. தலைகுப்புற விழுந்திருக்கேன் போல. ச்சீ, பாசி நாத்தம் அடிக்குது.

— ம்.

— என்ன ‘ம்’?

— ஒண்ணுமில்ல. கடைசியா உனக்கு என்ன ஞாபகம் இருக்கு? அதைச் சொல்லு.

— காது.

— என்னது?

— சோய்காவோட ரெண்டு காது. மூணாவது தடை தாண்டினதுமே தூரத்துல அந்த நாலாவது தடை, டாக்ஸிஸ் வேலி தெரிஞ்சது. அது வெறும் புதராத்தான் தெரியும். பின்னால அஞ்சு மீட்டர் பள்ளம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்குறது குதிரைக்கு எப்படித் தெரியும்? பழக்கிக் காட்டவும் விட மாட்டாங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை. குதிரை நம்மளை நம்பித்தான் எகிறணும். ஒரு காது வேலியைப் பாத்துச்சு, ஒரு காது பின்னால என் பக்கம் திரும்புச்சு. “என்னய்யா சொல்ற?”ன்னு கேக்குறாக்கா, சத்தியமா!

— நீ என்ன சொன்ன?

— “போ தாயி”ன்னேன். மத்த அஞ்சு தடவையும் கடைசி நொடியில பயந்து கடிவாள வாரை இழுத்துக் கெடுத்தவன் நான்தான். குதிரை மேல தப்பே கிடையாது. இந்தத் தடவை இழுக்கல. வாரை முழுசா விட்டுட்டு, முதுகைப் பின்னால சாச்சுக்கிட்டேன். எகிறினா பாரு! கீழ பள்ளம் போய்க்கிட்டே இருக்கு, அவ இறங்கவே மாட்டேங்கறா. அப்புறம் அவ மூக்கு தரையில போய் மோதுச்சு, கழுத்து மேல எழும்புச்சு, என் நெத்தியில இடி விழுந்த மாதிரி... அவ்வளவுதான். அதுக்கப்புறம் இந்த ஒட்டடைதான்.

— அதுக்கப்புறம் ஒண்ணுமேவா?

— ஒண்ணுமே. ஒலிபெருக்கியில சொல்லியிருப்பானே, ஏழாம் நம்பர் விழுந்தாச்சுன்னு?

— சொன்னான். “ஏழாம் நம்பர் சோய்கா, டாக்ஸிஸ்ல போச்சு”ன்னான். கையில இருந்த வாளியைப் போட்டுட்டு ஓடினேன்.

— பாத்தியா. ஊருக்கே தெரியும். ஜெயிச்சது எவன்? வேண்டாம், சொல்லாதே! சொன்னேன்னா இந்தச் செவத்துலயே முட்டிக்குவேன்.

— நான் வாயே திறக்கலையே.

— எவனா இருந்தா என்ன. பயலுக இந்நேரம் வழக்கப்படி அவனைத் தூக்கிப் பாம்பு ஓடைத் தண்ணியில போட்டிருப்பானுக.

— போட்டாச்சு, போட்டாச்சு. தண்ணி, நீ ருமேனியாக் கடற்கரைக்குப் போனப்போ பாத்த அலை மாதிரி எழும்புச்சுன்னு வச்சுக்கோயேன்.

— அஞ்சு வருஷமா நானும்தான் போட்டேன். தலையில கட்டோட, தோள்பட்டையில கட்டோட, ஒரு வருஷம் நொண்டிக்கிட்டேகூட ஓடினேன். ஜெயிச்சவனோட வலது காலை எப்பவும் நான்தான் பிடிப்பேன், வேற எவனுக்கும் விட மாட்டேன். சிரிச்சுக்கிட்டே போடுவேன். உள்ளுக்குள்ள மட்டும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னையும் எவனாவது தூக்கிப் போட மாட்டானான்னு இருக்கும். இன்னைக்கு என் இடத்துல வலது காலை யாரு பிடிச்சா?

— ஆளு கிடைச்சுது. நீ எழுந்திரிக்காதே! படு!

— உன் பையில இருந்து தேன் இஞ்சிக் கேக்கு வாசனை வருது.

— சாயங்காலம் தர்றேன். இப்போ வாந்தி எடுத்து வைப்ப.

— அக்கா, நான் விழுந்ததும் சோய்கா என்ன பண்ணா? நின்னுட்டாளா?

— பந்தயத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னாரே மனுஷன்... குதிரையைப் பத்திப் பேசலாம்தானே? அதுக்கு டாக்டர் என்ன, மந்திரி வந்தாலும் என்னைத் தடுக்க முடியாது. கேளு. நிக்கல. ஓடினா.

— எங்க வரைக்கும்?

— முழுசா. கடைசிக் கோடு வரைக்கும்.

— என்னது! முப்பத்தோரு தடையும்?

— ஒண்ணு விடாம. ஐரிஷ் மேட்டுல ஏறினா பாரு, பூனை மதில்ல ஏறுற மாதிரி. மேல ஒரு எட்டு, அந்தப் பக்கம் இறங்கிட்டா. பாதை நடுவுல வர்ற உழுத வயல்ல மத்ததெல்லாம் மண்கட்டியில இடறித் தள்ளாடுது. இவ அவசரமே படல. காலை எண்ணி எண்ணி வச்சா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால வீங்கிச்சே, அந்த இடது முன்னங்கால், அதைத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவைகூடப் பிசகல ஓல்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— வராதா பின்ன? அந்தக் காலு நீ போட்ட பிச்சை. பண்ணை டைரக்டர் அவளைக் கசாப்புக்குனு எழுதியே வச்சுட்டார். நீதான லாபே ஆத்துல தினமும் ரெண்டு மணி நேரம், உன் இடுப்பளவு தண்ணியில, அவளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. நாலு மாசம்! ஆறு உறையிற வரைக்கும். உன்னை மாதிரி ஒரு பொம்பளை இந்த நாட்டுலயே இல்லக்கா.

— அட போப்பா. எனக்கு மூட்டுவலி வந்ததுதான் மிச்சம்.

— முதுகுல பாரம் இல்லைன்னா குதிரை பறவைதான். என்னை உதறினதும் அவளுக்கு நிம்மதி ஆயிருக்கும்.

— டாக்டர் எங்க போய்த் தொலைஞ்சார்?

— ஒண்ணு மட்டும் புரியலக்கா. ஆளில்லாத குதிரை பொப்கோவிட்சே திருப்பத்துல நேரா லாயத்தைப் பாத்துல்ல ஓடிடும்? தீனி வாசனை அந்தப் பக்கம்தான வரும். எத்தனை பாத்திருக்கோம். இவ எப்படித் திரும்பினா?

— அதைத்தான் நானும் கேக்குறேன். எப்படித் திரும்பினா? நல்லா யோசிச்சு நீயே சொல்லு.

— புத்திக்கா! எல்லாம் புத்தி!

— கிழிஞ்சுது.

— திட்டு, நல்லாத் திட்டு. ஆனா நீ ஆளில்லாத அவ முதுகைப் பாத்திருந்தா உனக்கும் வயிறெரிஞ்சிருக்கும். நீதான் காலைத் தவிர எதையும் பாக்க மாட்டியே. இருபது வருஷமா என் மூஞ்சியையே நீ ஒழுங்காப் பாத்ததில்ல.

— அதைப் பாக்க அதுல என்ன இருக்கு? இன்னைக்குப் பாத்தேன். நெத்தியில புடைப்பு, கோழிமுட்டை கணக்கா.

— ஏதோ குளம்பு பட்டிருக்கும்.

— குளம்பு பட்டிருந்தா மண்டை வாதுமைக்கொட்டை மாதிரி ரெண்டாயிருக்கும். சோய்கா கழுத்து உன் நெத்தியில இடிச்ச புடைப்புடா அது, அவ்வளவுதான். ஏய், என்ன இது? அழுறியா?

— திங்கக்கிழமையில இருந்து என்னை டிராக்டர் ஓட்டச் சொல்லிட்டார் டைரக்டர். இதுதான் கடைசின்னு தெரிஞ்சுதான் வந்தேன். ஜெயிக்கணும்னு நினைக்கலக்கா, சத்தியமா. சாகுறதுக்குள்ள ஒரு தடவை டாக்ஸிஸுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு குதிரை மேல உட்கார்ந்து பாக்கணும், அந்தக் கோட்டைத் தாண்டணும்னுதான். அவ தாண்டிட்டா. முழுசும் ஓடிட்டு வந்துட்டா. அப்படிப்பட்ட மகராசிக்கு நான் ஒருத்தன், விழுந்து கிடக்குற மூட்டை...

— போதும்! டாக்டர் என்னைத் திட்டினாத் திட்டிட்டுப் போகட்டும். இதைக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது. அந்தச் சட்டையைப் பாரு.

— பாத்தேன். நனைஞ்சிருக்கு. பள்ளத்துல...

— எந்தப் பள்ளத்துல? மூணு வாரமா மழை உண்டா? நேத்து பந்தயப் பாதையை நடந்து பாக்கப் போனப்போ டாக்ஸிஸ் பள்ளத்துக்குள்ள இறங்கி நின்னு நீதான சொன்ன, “அடுப்புச்சட்டி மாதிரி காஞ்சு கிடக்கு”ன்னு?

— ஆமா... சொன்னேன். அப்போ இந்தத் தண்ணி?

— அந்த ஒலிபெருக்கிக்காரன் புழுதியில கண்ணு தெரியாம உளறிட்டான். நான் வாளியைப் போட்டுட்டு ஓடினா, அந்தப் புழுதிக்குள்ள இருந்து நீ அவ கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்கிக்கிட்டு வர்ற! அப்படியே சேணத்துல ஏறி உட்கார்ந்த. எங்க யாருக்கும் உனக்கு அடிபட்டதே தெரியல. கோட்டைத் தாண்டின, சேணத்தைத் தூக்கிக்கிட்டு எடை காட்டத் தராசுல நின்ன, சோய்கா கழுத்துல மாட்டின மாலையை, அதான் அந்த இலை, அவளுக்கே ஊட்டி விட்ட. தண்ணியில இருந்து எழுந்து ‘ஹி ஹி’ன்னு சிரிச்சிட்டு ரெண்டு எட்டு வச்ச, அப்புறம்தான் சரிஞ்ச.

— தண்ணியில இருந்தா? எந்தத் தண்ணி? அக்கா, ஜெயிச்சவனை மட்டும்தான அங்க...

— பாம்பு ஓடையிலதான்டா, தம்பி. உன் வலது காலை நான்தான் பிடிச்சேன்.