எட்டாத ஒரு சாண்

தை மாதம், இரண்டாம் வெள்ளி, காலை. மலேசியாவில், பத்து பாகாட்டிலிருந்து குளுவாங் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரு பெண்கள். மூத்தவருக்குத் தோள்மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது என்று பேச்சில் தெரிந்தது; மற்றவர் அவருடைய நாத்தனார்.

“தலை சீவுறீங்க, சமைக்கிறீங்க. டாக்டரே போதும்னுட்டாரு. இன்னும் எதுக்கு அண்ணி, தினம் பயிற்சின்னு சுவத்துல கைய ஏத்தி ஏத்தி வலியில அழுவுறீங்க?”

“தினேஷ் படத்துக்குப் பூ வைக்க இன்னும் ஒரு சாண் எட்டலயே.”

“அலமாக்! நாற்காலி போட்டு ஏறுங்க லா.”

“ஏறி விழுந்துதானே தோளு போச்சு.”

“அப்ப அண்ணன்கிட்ட சொல்லி படத்தக் கீழ இறக்கி மாட்டுங்க.”

“அவரும் அதான் சொல்றாரு. என் மகன் ஆறடி லா. அவன என் உயரத்துக்கு இறக்கவா?”

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேலைக்குப் போறப்ப, நான் திருநீறு பூச அவன்தான் குனிவான். இனிமே நான்தானே எட்டணும்.”